காட்டு இஞ்சி: சோதனைக் குழாயில் வீரம், சந்தையில் வியாபாரம்

காலை ஆறரை மணி. பேரிகைக் கடைத்தெருவில் பனி இன்னும் விலகவில்லை. மாலூர்ப் பக்கமிருந்து தக்காளிப் பெட்டிகளோடு வரும் டெம்போக்களும், பாகலூர் வழியாக ஓசூருக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்களும் உரசாத குறையாக விலகிப் போகின்றன. டீக்கடையில் இரவு ஷிப்ட் முடித்து இறங்கியவர்கள் ஒரு பக்கம், காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர்கள் ஒரு பக்கம். சின்ன உரலில் இஞ்சி நசுங்குகிறது. ஒருவர் ‘இஞ்சி டீ’ என்கிறார், அடுத்தவர் ‘அல்லம் டீ’, மூன்றாமவர் ‘சுண்டி டீ’. மூன்று மொழி புழங்கும் எல்லையூரில் கடைக்காரர் யாரிடமும் திருப்பிக் கேட்பதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தவரின் கைபேசியில் ஒரு காணொளி ஓடுகிறது. அருவி, மூங்கில் கூடை, மண் ஒட்டிய கிழங்கு. பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர். மலைவாழ் மக்கள் காத்த ரகசியமாம், சாதாரண இஞ்சியைவிடப் பல மடங்கு ஆன்டிஆக்ஸிடன்டாம், மூட்டுவலி முதல் சர்க்கரை வரை எல்லாம் பறந்துவிடுமாம். கடைசியில் ஒரு குப்பி, அதில் அறுபது மாத்திரை. விலை, அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் ஒரு நாள் சம்பளத்தை முழுசாக விழுங்கும். டீ அதன் பக்கத்திலேயே ஆறிக்கொண்டிருக்கிறது.

இந்த விளம்பரத்தை முழுப் பொய் என்று தள்ளிவிட முடிந்தால் வேலை சுலபம். முடியாது. காட்டு இஞ்சியில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது. அதைச் சொன்னவர்கள் போலி வைத்தியர்கள் இல்லை, பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்தச் சின்ன உண்மை குப்பிக்குள் போவதற்குள் என்னவாக மாறுகிறது, அதற்கு யார் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

எது காட்டு இஞ்சி?

பேரிகையைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் காட்டு இஞ்சியைத் தேடிப் பயனில்லை. ராகியும் அவரையும் தக்காளியும் பசுமைக்குடில் ரோஜாவும் விளைகிற பூமி இது. காட்டு இஞ்சிக்கு நிழல் வேண்டும், மழைக்காலம் முழுக்க விடாத ஈரம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டோரங்களும் ஓடைக்கரைகளும்தான் அதற்குப் பிடித்த இடம்.

இந்தப் பெயருக்குள் ஒரு செடி இல்லை, பல செடிகள் இருக்கின்றன. அவற்றில் ஆய்வாளர்கள் அதிகம் கைவைத்தது ஜிஞ்ஜிபெர் ஜெரும்பெட் என்ற இனத்தில். ஆள் உயரத்துக்கு இலைத்தண்டு எழும்பும். பூக்கொத்து அதில் வராது, தரையிலிருந்து தனிக் காம்பில் கூம்பாகக் கிளம்பும். முதலில் பச்சை, முதிர்ந்தால் நல்ல சிவப்பு. கூம்பைப் பிழிந்தால் வழவழப்பான நீர் வரும். ஹவாய்த் தீவுகளில் அதைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள், பிற்பாடு ஷாம்பு கம்பெனிகள் அந்தப் பெயரைத் தத்தெடுத்துக்கொண்டன. கிழங்கைக் கடித்தால் இஞ்சியின் காரத்தோடு கசப்பும் சேர்ந்து வரும். குழம்பில் போட இது தோதுப்படாது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மலபாரை ஆண்ட டச்சுக்காரர் ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுத்து, 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ நூலின் 11ஆம் தொகுதியில் ‘காட்டு இஞ்சிக் குவா’ என்ற மலையாளப் பெயரோடே இந்தச் செடியின் படம் இருக்கிறது. அந்த நூலுக்குத் தகவல் தந்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். லத்தீனில் உறங்கிய அந்த நூலைக் கேரளத் தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 2003இல். மூன்று நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பாவில் அச்சான ஒன்றை இன்றைக்கு ‘ரகசியம்’ என்று விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பெட்டிச் செய்தி: ஒரே குடும்பம், பல முகம்

இஞ்சி, மஞ்சள், ஏலக்காய் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். சித்தரத்தையும் பேரரத்தையும் அதே வீட்டு ஆட்கள்.

மாங்காய் இஞ்சி பெயரில்தான் இஞ்சி. உறவுமுறையில் அது மஞ்சளின் தம்பி.

நாம் சமைக்கிற இஞ்சி எந்தக் காட்டிலும் தானாக வளர்வதாகத் தெரியவில்லை. அது விதை வைப்பதும் இல்லை. மனிதர் கிழங்கை உடைத்து நட்டால்தான் அடுத்த தலைமுறை.

உலகில் இஞ்சி அதிகம் விளைவிக்கும் நாடு இந்தியா.

ஊதா நிறம் மஞ்சளானால்

ஒரு கிழங்கில் ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு என்று எப்படிப் பார்க்கிறார்கள்? கிழங்கை உலர்த்திப் பொடியாக்கி மெத்தனாலில் ஊறவைப்பார்கள். வடிகட்டிய சாற்றை டி.பி.பி.எச். என்ற ரசாயனக் கரைசலில் விடுவார்கள். அந்தக் கரைசல் அடர் ஊதா. சாற்றிலுள்ள பொருள் அதற்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டால் ஊதா வெளிறி மஞ்சளாகும். அரை மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டு, 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு வெளிறியது என்று கருவி சொல்லும். வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டு ஒரு எண் எழுதுவார்கள். மார்ஸ்டன் பிளாய்ஸ் 1958இல் வெளியிட்ட முறை இது. மலிவானது, ஒரு மதியப் பொழுதில் முடிந்துவிடும். முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டுக்கு இதைவிட வசதியான சோதனை கிடையாது. இந்தியக் கல்லூரிகளில் எந்தச் செடியைப் பிடுங்கினாலும் முதலில் இந்த ஊதாவுக்குள்தான் முங்கி எழுகிறது.

காட்டு இஞ்சி இனங்கள் இந்தச் சோதனையில் தேறுகின்றன. அவற்றில் பீனால்கள் உண்டு, கேம்ப்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகள் உண்டு. தேறாமல் போனால்தான் அதிசயம். ஏனென்றால் டீத்தூளும் புளியும் முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும்கூட இதில் தேறும்.

ஊதா மஞ்சளானது மெத்தனாலில். நம் வயிற்றில் மெத்தனால் இல்லை, டி.பி.பி.எச்.சும் இல்லை. விழுங்கியது குடலைத் தாண்ட வேண்டும், கல்லீரல் அதை உருமாற்றாமல் விட வேண்டும், ரத்தத்தில் போதிய அளவு நிற்க வேண்டும், நோயுள்ள இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த நான்கில் ஒன்றைக்கூட அந்த எண் சொல்லாது. அமெரிக்க வேளாண் துறை உணவுகளை இதேபோன்ற ‘ஓரக்’ என்ற எண்ணால் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருந்தது. உணவு கம்பெனிகளும் மாத்திரை கம்பெனிகளும் அதை விளம்பரத்தில் தவறாகப் பயன்படுத்துகின்றன, அந்த எண்ணுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லி 2012இல் அதைத் தன் இணையதளத்திலிருந்தே எடுத்துவிட்டது. பட்டியல் போய்விட்டது. ‘பல மடங்கு ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற வாசகம் மட்டும் போகவில்லை.

ஓசூர் பட்டறைகளுக்குத் தெரிந்த சொல்

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் மருந்துக்கடையில் பிறந்தது இல்லை. தொழிற்சாலையில் பிறந்தது. ஓசூர் சிப்காட்டில் ரப்பர் பாகமோ பிளாஸ்டிக் பாகமோ செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: டயர் வெடிக்காமலிருக்க, பெல்ட் விரியாமலிருக்க, என்ஜின் ஆயில் கெட்டியாகாமலிருக்க ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்க்க வேண்டும். முதல் உலகப் போரில் கண்ணீர்ப் புகைக்குப் பயன்பட்ட அக்ரோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் கெட்டுப்போனது. அதைத் தடுக்கப் போய்த்தான் பிரான்ஸின் மௌரு, டுஃப்ரெஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டார்கள். இன்றைக்குச் சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் 319, 320, 321 என்று எண் போட்டிருந்தால் அதுவும் ஆன்டிஆக்ஸிடன்டுதான். எண்ணெய் சிக்கடிக்காமலிருக்கச் சேர்ப்பது. அதைச் சாப்பிட்டு யாரும் இளமையானதாகச் செய்தியில்லை.

உடம்புக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் டென்ஹாம் ஹார்மன். 1956இல் அவர் சொன்னது: சுவாசத்தின் உபவிளைவாக உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் செல்களைச் சிதைப்பதால்தான் முதுமை வருகிறது. அப்படியானால் அவற்றை அடக்கும் மாத்திரையைக் கொடுத்தால் முதுமையையும் புற்றுநோயையும் தள்ளிப்போடலாமே? கேட்க நன்றாகத்தான் இருந்தது. பரிசோதித்தார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் கூடியது. 1996இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ மாத்திரை புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவில் அதுவும் 17 சதவீதம் கூடியிருந்தது. 78 ஆய்வுகள், கிட்டத்தட்ட 3 லட்சம் பேரின் கணக்கை ஒன்றுசேர்த்து அலசிய காக்ரேன் குழு 2012இல் சொன்னது, ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் ஆயுளைக் கூட்டவில்லை, பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் குறைக்கக்கூடும் என்று.

காரணம் இப்போது ஓரளவு தெளிவாகிவிட்டது. ஃப்ரீ ராடிக்கல் முழு வில்லன் இல்லை. உள்ளே நுழைந்த கிருமியை வெள்ளணுக்கள் கொல்வது அதை வைத்துத்தான். உடற்பயிற்சியின் பலன் தசைக்குள் பதிவதும் அது கொஞ்சம் தலைகாட்டுவதால்தான். 2009இல் ஜெர்மனியில் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் பாதிப்பேருக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களின் உடலில் இன்சுலின் வேலைத்திறன் கூடவேயில்லை, சாப்பிடாதவர்களுக்குக் கூடியது.

காட்டு இஞ்சியின் கதையில் இன்னும் வேடிக்கையான திருப்பம் இருக்கிறது. அதன் முக்கியச் சரக்கு ஜெரும்போன். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் சுக் தேவ் 1960இல் அதன் கட்டமைப்பை எழுதினார். ஊதாவை மஞ்சளாக்கும் பீனால் அமைப்பு அதில் இல்லை! 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் கல்லீரல் செல்களில் பார்த்தபோது அது வேறு வழியில் வேலை செய்தது. செல்லை லேசாகச் சீண்டி, என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தை உசுப்பி, உடம்பின் சொந்த நச்சுமுறி நொதிகளை வெளியே வரவைக்கிறது. எதிரியோடு மல்லுக்கு நிற்கும் சிப்பாய் இல்லை அது, தண்டோரா போட்டு ஊரை எழுப்பிவிடும் தலையாரி. புற்றுநோய் செல்களில் இதே பொருள் ஆக்சிஜன் தாக்குதலைக் கூட்டி அவற்றைக் கொல்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற முத்திரைக்கு நேர் எதிர் வேலை. புற்றுநோய் மருந்தாக என்றாவது தேறுமா என்று ஆராய்வது நியாயமான விஞ்ஞானம். அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இன்னும் செல்லிலும் எலியிலும்தான் நிற்கிறது. குப்பியோ அமேசானில் விற்பனைக்கு வந்துவிட்டது.

கல்லீரலுக்கு வரும் பில்

‘இயற்கைதானே, கெடுதல் செய்யாது’ என்று சொல்லாத வீடு நம்மிடம் இல்லை. சமையலறை அளவுக்கு அது சரி. குப்பிக்குள் இருப்பது அந்த அளவு இல்லை.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம், காட்டு இஞ்சியின் ஒன்றுவிட்ட உறவு. மஞ்சளிலுள்ள குர்குமின் ரத்தத்தில் ஏறுவதே அரிது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்தால் அது 2,000 சதவீதம் கூடுதலாக ஏறுகிறது என்று காட்டினார்கள். பேரிகையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் நடந்த அந்த ஆய்வு உலகத்து மாத்திரை வியாபாரத்தையே மாற்றியது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளில் மிளகுச் சத்து வழக்கமானது. அதே மிளகுச் சத்துதான் கல்லீரல் மற்ற மருந்துகளைக் கையாளும் வேகத்தையும் குறைக்கிறது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவக் குழு, மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்ட 10 பேரை 2022இல் ஆவணப்படுத்தியது. 5 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். இத்தாலி அதே 2022இல் மஞ்சள் மாத்திரைகளின் மேல் கல்லீரல் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நம் ஊரிலும் அனுபவம் இருக்கிறது. கொரோனா காலத்தில் ‘எதிர்ப்புச் சக்தி’க்காகச் சீந்தில்கொடியை வாரிக் குடித்தவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, அடையாளம் தவறிய வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அடுத்து 13 மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. கொடி சரியா தவறா என்ற வாதம் தொடர்கிறது. நோயாளிக்கு அந்த வாதத்தால் என்ன லாபம்? தவறான கொடி என்றாலும் அதுவும் அதே கடையில்தான் விற்றது.

தவறான வேர்

தவறான செடி என்ற இந்த ஆபத்து காட்டுக் கிழங்குகளில் இரட்டிப்பு. இஞ்சிக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் மழை முடிந்ததும் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் உறங்கும். கிழங்கு முற்றிச் சத்தேறியிருக்கும் காலம் அதுதான், தோண்டுவதும் அப்போதுதான். இலையும் பூவும் இல்லாத நாளில் மண் ஒட்டிய பழுப்புக் கிழங்குகளுக்குள் வேறுபாடு காண அனுபவசாலிகளே திணறுவார்கள். உலர்த்திப் பொடியாக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2004இல் சந்தை மஞ்சள்தூளின் மரபணுவைச் சோதித்தபோது காட்டு மஞ்சள் இனமொன்று கலந்திருந்தது தெரிந்தது. கஸ்தூரி மஞ்சள் என்று நம் பெண்கள் முகத்துக்குப் பூசுவதில் பெரும்பகுதி கஸ்தூரி மஞ்சளே இல்லை. அசல் கிழங்கு வெளிர்நிறம், கற்பூர வாசம் அடிக்கும். பளிச்சென்ற மஞ்சள் பொடியாக வருவது வேறு கிழங்கு.

முகத்துக்குப் பூசுவதில் தவறினால் காசு போகும். வயிற்றுக்குள் போவதில் தவறினால்?

1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஒரு சிகிச்சையகத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு சீன வேருக்குப் பதில் இன்னொரு சீன வேர், ஆடுதின்னாப்பாளையின் இனம், மாறி வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய். காரணமான அரிஸ்டோலோகிக் அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. இதே அமிலம் நம் ஆடுதின்னாப்பாளையிலும் ஈஸ்வரமூலியிலும் இருக்கிறது.

இதற்கும் காட்டு இஞ்சிக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காட்டு இஞ்சி என்று சொல்வது ஆசாரம் என்ற வேறு செடி. இஞ்சிக் குடும்பமே இல்லை, ஆடுதின்னாப்பாளைக் குடும்பம். அதிலும் அந்த அமிலம் உண்டு. 2001இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையில் ஆசாரமும் இருந்தது. ஆக, வெளிநாட்டு இணையக் கடையில் ‘காட்டு இஞ்சி’ என்று தேடி வாங்குகிறவர் தன் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கிறார். ஓசூரிலும் பெங்களூரிலும் இணையத்தில் பொருள் வாங்காத வீடு இன்று குறைவு.

பெட்டிச் செய்தி: இஞ்சிக்கு ஆதாரம் இருப்பது எதில்?

குமட்டல், வாந்திக்கு இஞ்சி உதவும் என்பதற்கு மனிதரிடம் நடந்த ஆய்வுகள் உண்டு. குறிப்பாகக் கர்ப்பகால மசக்கைக்கு. அவற்றில் பெரும்பாலும் கொடுத்தது நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் சுக்குத்தூள்.

காயும்போது இஞ்சியின் ஜிஞ்சரால், ஷோகால் ஆக மாறும். சுக்கின் காரம் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுகிறவர்கள் இஞ்சி, மஞ்சள் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இவையெல்லாம் சாதாரண இஞ்சிக்கு. காட்டு இஞ்சிக்கு இல்லை.

காடு கொடுக்கும் விலை

நெல்லிக்காயைப் பறித்தால் மரம் இருக்கும். தேனை எடுத்தால் தேனீ மறுபடி கட்டும். கிழங்கைத் தோண்டினால் செடியே போச்சு. விதையும் அரிதாக வைத்து, கிழங்கால் பரவும் செடியைக் கிழங்குக்காகவே தோண்டுவது ஓடைக்கரை ஓடைக்கரையாகத் துடைத்துவிடும் வேலை. விளம்பரத்தில் ‘காட்டிலிருந்து நேரடியாக’ என்று போட்டிருந்தால் அதைத் தரச்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்பகுதியில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்காடுகள் 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாயின. சரணாலயத்துக்குள் அனுமதியின்றிச் செடி பிடுங்குவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் காடுகளில் தலைமுறைகளாக வாழும் இருளர் போன்ற மக்களுக்குச் சிறு வன விளைபொருளைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தருகிறது. இரண்டு சட்டத்துக்கும் நடுவே நுழைவது இடைத்தரகர். மலையில் கிலோவுக்குச் சில்லறை, நகரத்தில் மாத்திரைக்குக் கொள்ளை. காணொளியில் மூங்கில் கூடையோடு வரும் முகத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

இடம் கொடுத்த ஒரு பெரிய முயற்சி கேரளத்தில் நடந்தது. அகத்தியமலைக் காணிக்காரர்கள் களைப்புக்கு மென்ற ஆரோக்கியப்பச்சை என்ற செடியைத் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள் கண்டு, ‘ஜீவனி’ என்ற மருந்தாக்கினார்கள். 1995இல் உரிமம் ரூ.10 லட்சத்துக்குப் போனது. அதில் பாதி காணிக்காரர்களுக்கு. 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்கப் பாராட்டினார்கள். பிறகு நடந்ததை அவ்வளவு பேர் எழுதவில்லை. காட்டுக்குள் அந்தச் செடியைப் பயிரிட வனத்துறை தடைபோட்டது, செடி திருட்டுப் போனது, மருந்துக்குத் தேவையான இலை ஒழுங்காகக் கிடைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு தொடங்கியதற்கே இந்தக் கதி.

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இந்தப் பங்கைக் கட்டாயமாக்கியது. உள்நாட்டு கம்பெனிகளும் கொடுக்க வேண்டும் என்று 2018இல் திவ்யா பார்மஸி வழக்கில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தே ஆண்டில், 2023இல், சட்டம் திருத்தப்பட்டது. நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்கும் பயிரிட்ட மூலிகைகளுக்கும் விலக்கு, மீறினால் இருந்த சிறைத்தண்டனை போய் அபராதம் மட்டும். சித்த மருத்துவ நூலொன்றில் பெயர் இருந்தால் போதும், காட்டு மக்களுக்குப் பைசா கொடுக்க வேண்டியதில்லை என்று கம்பெனி வாதாட வழி திறந்துவிட்டது. தொழில் வளர்ச்சிக்கு என்று அரசு சொல்கிறது. யாருடைய தொழில் என்று கேட்க மலையில் ஆளில்லை.

உண்மையான புதையல் வேறு

இத்தனைக்கும் காட்டு இஞ்சி உண்மையிலேயே விலைமதிப்பில்லாத செடி. மாத்திரையில் இல்லை, வயலில்.

எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் ஹாசன், குடகு, சிவமொக்கா மாவட்டங்களில் ஏக்கர் ஏக்கராகக் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போடுகிறார்கள். இஞ்சி விவசாயியின் தூக்கத்தைக் கெடுப்பது கிழங்கழுகல். பித்தியம் என்ற பூஞ்சை மாதிரியான கிருமி ஈர மண்ணில் பரவினால் வயல் முழுக்க மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். வேறு பயிராக இருந்தால் நோயைத் தாங்கும் ரகத்தோடு ஒட்டுச்சேர்க்கை செய்வார்கள். இஞ்சி விதை வைக்காதே! எல்லா ரகமும் ஒரே மாதிரி பலியாகும். ஆனால் ஜெரும்பெட் காட்டு இஞ்சி அந்தக் கிருமியைத் தாங்கி நிற்கிறது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில், அது எப்படித் தாங்குகிறது, எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். நாளைக்கு நம் டீக்கடைகளில் இஞ்சி இருக்குமா என்பதற்கான பதிலில் ஒரு பகுதி அந்தக் கசப்புக் கிழங்குக்குள் இருக்கிறது. அறுபது மாத்திரைக்காக அதைத் தோண்டித் தீர்ப்பது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடும் புத்தி.

வாங்கும் முன்

பேரிகை போன்ற ஊர்களில் மாத்திரை செய்தது ஒரு மாநிலம், விற்பது இன்னொரு மாநிலம், கொண்டுவந்து தருவது கூரியர் பையன். கேள்வி கேட்க ஆள் தேடுவதற்குள் கம்பெனி பெயரை மாற்றிவிடும். அதனால் கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

குப்பியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருந்தால் அது உணவுப் பொருள், மருந்து இல்லை. ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல’ என்று அதன்மேல் அச்சிட்டாக வேண்டும். முன்பக்கம் சர்க்கரை நோய் தீரும், பின்பக்கம் மருந்தல்ல என்றால் இரண்டில் ஒன்று பொய். சர்க்கரை, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். சித்த மருந்தாக இருந்தால் ஆயுஷ் உரிம எண்ணும், எந்தச் செடி, எந்தப் பாகம், எத்தனை மில்லிகிராம் என்ற விவரமும் இருக்க வேண்டும். ‘காட்டு இஞ்சிச் சாறு’ என்று மட்டும் போட்டிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இஞ்சி டீ குடியுங்கள், ரசத்தில் தட்டிப் போடுங்கள், தீபாவளிக்கு லேகியம் கிளறுங்கள். அதில் கிடைக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் போதும். ஏற்கெனவே ஏதாவது மூலிகை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அடுத்த முறை எந்த நோய்க்காக மருத்துவரிடம் போனாலும் குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், மறைக்காதீர்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, பசியே இல்லாமல் போவது தெரிந்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்துகளின் பக்கவிளைவைப் புகார் செய்ய மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800-180-3024.